சும்மா சைக்கிள் ஓட்டுகிறவள்

பினாங்கில் ஐம்பது வயது தாண்டிய ஒரு தமிழ்ப் பெண் சைக்கிளில் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவளுடைய கார் கெட்டுப்போயிருக்கிறது. வேறு ஏதாவது காரணம் இருக்கலாம் என்று நம் ஆட்கள் யாருக்கும் தோன்றுவதில்லை. நான் சைக்கிள் வாங்கிய முதல் வாரத்திலேயே ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் மீன் வாங்க வந்த அக்கா, பேருந்துக்கு நின்ற பழைய மாணவியின் அம்மா, எங்கள் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கிறவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டுவிட்டார்கள்.

"காடி ரோசாக்கா, டீச்சர்?"

காரைக் காடி என்பதும், கெட்டுப்போனதை ரோசாக் என்று மலாயில் சொல்வதும் இங்கே எங்கள் பேச்சு. காடி நன்றாகத்தான் இருக்கிறது, நான் சும்மா ஓட்டுகிறேன் என்பேன். உடனே கேட்டவரின் முகத்தில் ஓர் இரக்கம் வந்து உட்காரும். அந்த இரக்கத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சைக்கிள் விற்ற சீனர் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. அவர் வேறு விதம். இருக்கையை எவ்வளவு உயரத்துக்கு வைக்கட்டும், பேரனுக்கு எத்தனை வயது என்றார். எனக்குத்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னும் அகலமான இருக்கை ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அந்த இருக்கையைப் பற்றி நான் பிறகு நினைத்ததையெல்லாம் எழுத முடியாது. அகலமாக இருந்தால் வலிக்காது என்று எவர் சொன்னாரோ அவர் சைக்கிளில் உட்கார்ந்ததே இல்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் துறைமுக அலுவலகத்தில் கிராணியாக, எழுத்தராக வேலை பார்த்து எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். பிள்ளைகள் கோலாலம்பூரில். வேலைக்குப் போகாத இரண்டு பேருக்கு இரண்டு கார் எதற்கு என்று என்னுடையதை விற்றுவிட்டோம். அதே மாதம் நான் சைக்கிள் வாங்கினேன். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஏன் சைக்கிள் என்று கேட்டால் பெரிய கதை எதுவும் கிடையாது. ஒருமுறை டுரியான் வாங்க பாலிக் புலாவ் போயிருந்தபோது, வயல்களுக்கு நடுவே போகும் குறுகலான தார்ச்சாலையில் ஒரு சீன அம்மாள் சைக்கிளில் வந்தார். என் வயது இருக்கும். கூடை காலியாக இருந்தது. எங்கேயும் போகிற அவசரம் தெரியவில்லை. காரை ஒதுக்கி நாங்கள் அவருக்கு வழிவிட்டோம். அவர் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கும் அது வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

ஆனால் அந்த வயலுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மலை இருக்கிறது. பாயா தெருபோங் அடுக்குமாடிகள் முடிந்ததும் சாலை வளைந்து வளைந்து காட்டுக்குள் ஏறும். ஒரு பக்கம் டுரியான் தோட்டம், ஒரு பக்கம் பள்ளம். உச்சிக்குச் சற்று முன்னால், கடைசி வளைவில், துத்தநாகக் கூரை போட்ட ஒரு பழக்கடை. அந்தக் கடைக்கு எதிரேதான் நான் ஒவ்வொரு முறையும் தோற்றேன். கால் ஊன்றிவிடுவேன். ஊன்றினால் முடிந்தது. அந்தச் சரிவில் மறுபடி ஏறி மிதிக்க முடியாது. மீதியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

முதல் தடவை மூச்சு போதவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதன் பிறகு மூச்சு மேல் பழி சொல்ல முடியாது. ஒருநாள் கடைக்காரருடைய நாய் துரத்தியது. ஒருநாள் முதுகுக்குப் பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்ததில் கை ஆடிவிட்டது. ஒருநாள் குரங்கு. நடுச்சாலையில் உட்கார்ந்து ரம்புத்தான் தோலை உரித்துக்கொண்டிருந்த அது, நான் எவ்வளவு மணி அடித்தும் நகரவில்லை. மற்ற நாட்களில் மனிதர்கள். காரைப் பக்கத்தில் கொண்டுவந்து, கண்ணாடியை இறக்கி, "டீச்சர், ஏறிக்கிங்க, எங்க போகணும் சொல்லுங்க" என்பவர்கள். அந்த வளைவில், நாக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது, சும்மா போகிறேன் என்று இரண்டு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சொல்ல வேண்டுமென்றால் நின்றுதான் சொல்ல வேண்டும். நல்ல மனசோடு நிறுத்துகிறவர்கள்தான் என்னை அதிகம் இறக்கிவிட்டார்கள்.

இவர்கள் போக, விலை உயர்ந்த சைக்கிள்களில் கூட்டமாக வரும் வீரர்கள். உடம்போடு ஒட்டிய சட்டையில், கறுப்புக் கண்ணாடியில், என்னைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் 'குட் ஜாப் ஆன்ட்டி' என்பார்கள். வரிசையாக, ஒருவர் விடாமல். கடைசி ஆள் சொல்லி முடிக்கும்போது எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும்.

சந்தோஷமே இல்லையா என்றால், உண்டு. உச்சியைத் தாண்டியதும் மறுபக்கம் இறங்கும்போது ஜாதிக்காய் மரங்களின் மணம் குளிர்ந்த காற்றோடு முகத்தில் வந்து மோதும். மிதிக்கவே வேண்டாம். அப்புறம் வயல். தண்ணீர் கட்டிய பாத்திகளில் கொக்குகள், தூரத்தில் சூராவ் என்னும் சிறு தொழுகைக் கூடத்திலிருந்து ஓதும் சத்தம், வாய்க்காலில் கால் கழுவும் மலாய்ப் பெண்கள். நான் பாடுவேன். கோயில் பாட்டுத்தான், வேறு பாட்டு எதுவும் முழுதாகத் தெரியாது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த இன்பம் அரை மணி நேரம் நீடித்தால் பெரிது. அதற்குள் எதிர்க்காற்று தொடங்கிவிடும். போகும்போதும் எதிர்க்காற்று, அதே சாலையில் திரும்பும்போதும் எதிர்க்காற்று. இது எப்படி முடியும் என்று நான் பாடம் நடத்திய எந்த அறிவியல் புத்தகத்திலும் இல்லை.

திரும்பி மலை ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பக்கம் இன்னும் செங்குத்து. மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் லக்சா கடையில் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்வேன். அவர் வருவார். முன் சக்கரத்தைக் கழற்றுவார், பின் இருக்கையில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரிப்பார், எண்ணெய் படாமல் சைக்கிளைப் படுக்க வைப்பார். அந்த விரிப்பு இதற்கென்றே காரில் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் இருக்கையைத் தடவிப் பார்த்து, "கறை பட்டுருச்சு" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் யாரோ என்னைப் படம் எடுத்தார்கள். மழையில் நனைந்து, தலைமுடி ஒட்டிப்போய், அந்தப் பழக்கடை எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான். படம் எங்கள் அன்பியத்தின் வாட்சப் குழுவுக்குப் போயிருக்கிறது. அன்பியம் என்பது எங்கள் குடியிருப்பின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் சொல்லும் குழு. நான் அந்தக் குழுவின் செய்திகளைப் பார்ப்பதில்லை. காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்துகொண்டே இருக்கும். அதனால் பார்க்கவில்லை.

ஞாயிறு பூசையில் மன்றாட்டு நேரம். வாழ்க்கைச் சுமையால் வாடும் நம் அன்பியக் குடும்பம் ஒன்றுக்காக மன்றாடுவோம் என்று வாசித்தார்கள். எனக்கு ஆசிரியைக் குரல். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கோயிலே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். பக்கத்தில் நின்ற கணவரிடம் குனிந்து, "யாரா இருக்கும்? பாவம்" என்றும் கேட்டேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

அன்று சாயங்காலம் அன்பியத்தின் தலைவியும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அரிசி மூட்டை, சமையல் எண்ணெய், சார்டின் டின்கள், ஒரு பெரிய மைலோ பாக்கெட். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலைவி, "முதல்ல ஒரு சின்ன ஜெபம் செஞ்சிருவோம்" என்றார். எங்களில் இது வழக்கம். யார் வந்தாலும் முதலில் ஜெபம், பிறகுதான் பேச்சு. யாருக்கோ கொண்டுபோகிற சாமான், வழியில் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, இந்த டீச்சர் குடும்பம் இழந்துபோன காடிய அவங்களுக்குத் திரும்பக் குடுத்தருளும்."

கண்ணைத் திறந்துவிட்டேன். மற்ற எல்லோரும் மூடியிருந்தார்கள். சொந்த வீட்டில், சொந்த நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டு, என் மானம் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெபத்தின் நடுவில் எப்படிக் குறுக்கிடுவது? கடவுளோடு பேசிக்கொண்டிருப்பவரிடம், தப்பான தகவல் கொடுக்கிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? தலைவிக்கோ ஜெபம் சின்னதாக வராது. என் முட்டி வலிக்காக, கணவரின் மனத்திடத்துக்காக, பிள்ளைகள் எங்களைக் கைவிடாமல் இருக்க என்று எல்லாவற்றுக்கும் மன்றாடிவிட்டுத்தான் சிலுவை போட்டார்.

நான் விளக்கினேன். ஒரு கார் போதும் என்று நாங்களே விற்றோம், இன்னொன்று கீழே நிற்கிறது, ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது, சைக்கிள் ஓட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. தலைவி என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார்.

"தெரியும் டீச்சர். கௌரவமா வாழ்ந்தவங்க நீங்க. நாங்க யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டோம்."

கோயில் முழுக்கச் சொல்லி மன்றாடிய பிறகு இது. நான் மறுக்க மறுக்க அவர்களுக்கு அது உறுதியாகிக்கொண்டே போனது. சாமானைத் திரும்ப எடுத்துப்போகச் சொன்னேன், கேட்கவில்லை. மறுநாள் அவ்வளவையும் கோயிலின் ஏழைகள் அறையில் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த வாரம் பூ வைக்கிறவர் என்னிடம் கண்கலங்கி, "ஒங்க கஷ்டத்துலயும் அடுத்தவங்களுக்குக் குடுக்குறீங்களே டீச்சர்" என்றார். அதற்கு மேல் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். எதைச் செய்தாலும் புண்ணியவதியாகிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இதெல்லாம் எரிச்சல்தான், அதற்கு மேல் இல்லை. ஆனால் கணவருக்கு அப்படி இல்லை. ஒருநாள் காலை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் நண்பர்களோடு தேநீர் குடித்துவிட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என் டீக்கும் கூட்டாளியே காசு குடுத்துட்டான். என்னைக் கேக்கவே இல்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என்னைத்தான் பாக்குறாங்க. பொண்டாட்டிய இந்த வயசுல சைக்கிள் மிதிக்க விட்டுட்டு, இவன் காடில உக்காந்திருக்கான்னு. கொஞ்ச நாளைக்கு நிறுத்திடேன் லா."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் குரல் இறங்கியிருந்தது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. வேலைக்குப் போனேன், சமைத்தேன், பிள்ளை வளர்த்தேன், எதற்கும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எனக்காக ஒன்றே ஒன்று செய்தால் ஊரே காரணம் கேட்கிறது. அந்த ஆத்திரத்தில் ஒரு வார்த்தையை விட்டேன்.

"அந்த மலைய ஒரே ஒரு தடவ கால் ஊனாம ஏறிக்கிறேன். அன்னைக்கே சைக்கிள வித்துடுறேன். போதுமா?"

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

சொல்லிவிட்டேனே தவிர, அன்று முதல் நிம்மதி போய்விட்டது. ஏற முடியாமலே போய்விடுமோ என்று பயம். ஏறிவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். அடுத்த சில வாரங்கள் மழை என்னைக் காப்பாற்றியது. பிறகு டுரியான் காலம் வந்து, மலைச்சாலை முழுக்க லாரிகளும் பழம் தின்ன வந்த கார்களும் காப்பாற்றின. ஒருநாள் தலைவியே அதே வளைவில் காரை நிறுத்தி, "கெசியான் லா டீச்சர்" என்று காப்பாற்றினார். பாவம் என்பதற்கு எங்கள் பெண்கள் சொல்லும் மலாய் வார்த்தை அது. ஒவ்வொரு முறையும் காலை ஊன்றியதும் முதலில் கோபம் வரும், பிறகு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் என்னைத் தின்றது. வேண்டுமென்றே தோற்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அப்படித் தோற்றுத் தோற்று ஓட்டுவதற்கு ஓட்டாமலே இருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை காலை, கணவர் நாளிதழை விரித்து உட்கார்ந்திருந்தபோது, "போய்ட்டு வரேன்" என்று கிளம்பினேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. இன்று ஊன்றக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

அடுக்குமாடிகள் வரை ஒன்றுமில்லை. காட்டுக்குள் நுழைந்ததும் மெதுவாக, மிக மெதுவாக மிதித்தேன். பாதி மலையில் எனக்குப் பின்னால் ஒரு கார் வந்து ஒட்டிக்கொண்டது. தாண்டிப் போகவில்லை. என் வேகத்துக்கே ஊர்ந்துகொண்டு வந்தது. சாலையோரத் தடுப்புத் தகட்டில் அதன் விளக்கு மஞ்சளாக அணைந்து அணைந்து எரிவது தெரிந்தது. தலைவிதான், வேறு யார் என்று முடிவு செய்துகொண்டேன். திரும்பிப் பார்த்தால் கை ஆடும், அதனால் பார்க்கவில்லை. ஆனால் மனத்துக்குள் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. உச்சிக்குப் போனதும் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே மிதித்தேன். அந்தக் காருக்குப் பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தன. ஆனால் எதுவும் என்னை உரசிக்கொண்டு தாண்டவில்லை.

பழக்கடை வந்தது. நாய் எழுந்து நின்றது, அந்தக் காரைப் பார்த்துக் குரைத்ததே தவிர என்னிடம் வரவில்லை. தொடை எரிந்தது. கண்ணில் வியர்வை இறங்கி ஒன்றும் தெரியவில்லை. தலைவியின் மேலிருந்த கோபம் ஒன்றுதான் மிதித்தது என்று சொல்ல வேண்டும். சாலை சட்டென்று சமமானபோதுதான் ஏறிவிட்டேன் என்று தெரிந்தது. ஓரமாகப் போய், காலை ஊன்றி, அடுக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் சொல்லத் திரும்பினேன்.

எங்கள் கார். உள்ளே என் கணவர், வீட்டில் கட்டியிருந்த கைலியோடு. அவருக்குப் பின்னால் லாரியும் கார்களுமாக மலை இறக்கம் வரை ஒரு வரிசை. அவர் காரை ஓரங்கட்டியதும் லாரிக்காரன் ஏதோ திட்டிக்கொண்டு போனான். இவர் கண்டுகொள்ளாமல் இறங்கி வந்தார்.

"ஊனல. நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

"ஒங்கள யாரு வரச் சொன்னா?" என்றேன். முதலில் அதுதான் வாயில் வந்தது. தனியாக ஏற வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன். இவர் வந்து அதையும் கெடுத்துவிட்டார். இவர் வராமல் இருந்திருந்தால் அந்த லாரி என்னை வழக்கம்போல இறக்கிவிட்டிருக்கும் என்பதும் தெரிந்தது. அழுகை வந்தது, வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது அந்த வரிசையிலிருந்து ஒரு கார் எங்கள் பக்கத்தில் ஒதுங்கியது. கண்ணாடி இறங்கியது. இந்தத் தடவை நிஜமாகவே தலைவிதான். சனிக்கிழமை மீனுக்கு பாலிக் புலாவ் போகிறவர்.

"என்னா அண்ணே, காடி ரோசாக்கா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். கார் வழியில் நின்றுவிட்டது என்றால் அது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான், யாரும் எதுவும் நினைக்கப் போவதில்லை. மாமாக் கடையிலும் அவருடைய தேநீருக்கு அவரே கொடுக்கலாம். அவர் சொல்லத்தான் போகிறார் என்று நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"காடி நல்லாத்தான் இருக்கு. டீச்சர் சைக்கிள் ஓட்டுறாங்க."

"எதுக்கு அண்ணே?"

"சும்மா. அவங்களுக்குப் புடிச்சிருக்கு. கீழேர்ந்து இது வரைக்கும் ஒரு தடவகூட கால் ஊனல, தெரியுமா?"

தலைவி என்னைப் பார்த்தார், என் கணவரின் கைலியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "கடவுள் இருக்காரு அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு மன்றாட்டில் இவருக்கும் ஒரு வரி நிச்சயம் என்று எனக்குத் தோன்றியது.

வாக்கு கொடுத்தவள் நான். சைக்கிளைக் காருக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனேன்.

"சொன்னா சொன்னதுதான். வித்துடலாம். ஏத்துங்க."

அவர் பின்கதவைத் திறந்தார். இருக்கை வெறுமனே இருந்தது. எப்போதும் அங்கே கிடக்கும் பழைய விரிப்பைக் காணோம்.

"விரிப்பு எங்க?"

"வீட்டுல எடுத்து வச்சிட்டேன்."

"அப்ப எப்படிக் கொண்டுபோறது? கறை படுமே."

அவர் கதவைச் சாத்தினார். பாலிக் புலாவ் பக்கம் இறங்கும் சாலையைக் கையால் காட்டினார்.

"இந்தப் பக்கத்துலேர்ந்துதானே ஏறுனே. அந்தப் பக்கத்துலேர்ந்து இன்னும் ஏறலையே."

சொல்லிவிட்டு, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, லக்சா கடையில் இருப்பதாகச் சொல்லி, எனக்கு முன்னால் காரில் இறங்கிப் போய்விட்டார்.